பூட்டிய பேழைக்குச் சாவி யாரிடம்?

மாலைத் திருப்பலி முடிந்து, கோவில் விளக்குகளை உபதேசியார் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார். நமது இல்லத்துத் திண்ணையில் தந்தையும் மகளுமாக இருவர் காத்திருந்தனர். 2022-ஆம் ஆண்டின் கோடைக்காலம் அது. தந்தை கொத்து வேலை செய்பவர். விரலிடுக்குகளில் காய்ந்த சிமெண்டின் தடம் அழியாமல் இருந்தது. மகள் பொறியியல் பட்டம் பெற்றவள். ஜெர்மனி நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. "படிப்புக்குக் கட்டணமே கிடையாதாம் சாமி" என்று தந்தை முகம் மலரச் சொன்னார். மகளின் முகத்தில் அம்மலர்ச்சியைக் காணோம். விசா பெற வேண்டுமானால், ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான 10,332 யூரோவை முன்னதாகவே ஒரு முடக்கக் கணக்கில் கட்டியாக வேண்டும் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சாமி, அந்தப் பணம் செலவழிக்கவா, இல்லே காட்டுறதுக்கா?"

எளிய மனிதர் கேட்ட எளிய கேள்வி. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற நமக்கு அதற்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அன்றிரவு உறக்கம் வராமல், திருச்சபை வரலாறு பயின்ற நாளில் எழுதி வைத்த பழைய குறிப்பேடுகளைப் புரட்டினோம். அப்போது தொடங்கிய தேடலின் விளைவே இக்கட்டுரை.

இன்றைய விதி

முதலில் விதியை அறிந்துகொள்வோம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை அயல்நாட்டு மாணவரிடமும் கல்விக்கட்டணம் பெறுவதில்லை. ஆயினும் அங்கே தங்கிப் படிக்க வருபவர் தம் வாழ்வாதாரம் உறுதி செய்யப்பட்டிருப்பதைக் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டின் குடியிருப்புச் சட்டம். அதைக் காட்டும் வழிகளுள் பலரும் நாடுவது முடக்கக் கணக்கு. ஓராண்டுக்குரிய தொகையை அதில் கட்டிவிட்டால், மாணவர் அந்நாட்டை அடைந்தபின் மாதந்தோறும் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் அவர் கைக்கு வரும். பணம் அவருடையதே, ஆனால் அதற்குமேல் ஒரு காசும் அவர் விருப்பப்படி எடுக்க இயலாது. அத்தொகை 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 11,208 யூரோவாகவும், 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாகவும் உயர்ந்தது. நம் பணத்தில் பத்து இலட்சம் ரூபாயைத் தாண்டும் தொகை.

இந்த எண் எங்கிருந்து வந்தது? அதிகாரி எவரும் தம் மனம்போனபடி வகுத்ததன்று. வசதியற்ற மாணவருக்கு அரசே உதவும் சட்டம் ஒன்று ஜெர்மனியில் 1971 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த உதவியில் பாதி கொடை. மறுபாதி வட்டியில்லாக் கடன். பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்து, நோய்க் காப்பீட்டையும் தானே கட்டும் மாணவர் அதன்படி பெறத்தக்க உச்ச அளவு, 2024-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், மாதம் 992 யூரோ. அதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 11,904. ஆக, தன் நாட்டு ஏழை மாணவருக்கு அரசு கொடுக்கும் அதே தொகையைத்தான், அயல்நாட்டு ஏழை மாணவர் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு வாசலைத் திறக்கும் எண்ணே மற்றவருக்குத் தாழ்ப்பாளாக நிற்கிறது.

இதை அநீதி என்று சட்டென்று தீர்ப்பிட்டுவிட நாம் விரும்பவில்லை. முன்பின் அறியாத ஊரில், கடுங்குளிரில், வாடகைக்கும் உணவுக்கும் வழியின்றி ஒரு பிள்ளை தவிப்பதைவிட, ஓராண்டுப் பிழைப்பு உறுதியாயிருப்பது நல்லதே. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாவா என்று நம் ஆண்டவரும் உவமை வாயிலாகக் கேட்டிருக்கிறார். ஆகவே செலவைக் கணக்கிடுவது குற்றமன்று. அந்தச் செலவை யார் தோளில் ஏற்றுகிறோம் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு வரலாறு இரு வேறு விடைகளைத் தந்திருக்கிறது.

அந்நியருக்காக ஒதுக்கிய காசு

ஐரோப்பாவில் பல்கலைக்கழகங்கள் முளைவிட்ட பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே, கல்விக்காக நாடு கடந்து செல்லும் வழக்கம் தோன்றிவிட்டது. சட்டம் பயில விரும்பியோர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் பொலோஞ்ஞா நகருக்குச் சென்றனர். அங்கே அவர்களுக்கு விந்தையான ஒரு துன்பம் நேர்ந்தது. உள்ளூர் வணிகரிடம் கடன்பட்ட ஒருவன் ஓடிப்போனால், அவனுடைய ஊர்க்காரன் என்ற ஒரே காரணத்துக்காக ஏதுமறியா மாணவனைப் பிடித்து அவன் பொருளைப் பறித்துக்கொள்வர். பேரரசர் முதலாம் பிரெடெரிக் 1158-இல் பிறப்பித்த ஆணை இதைத் தடைசெய்தது. அறிவின்மீது கொண்ட காதலால் தாயகத்தைத் துறந்து அலையும் இவர்கள் இரக்கத்துக்குரியவர்கள். பிறர் பட்ட கடனுக்காக இவர்களைத் துன்புறுத்தலாகாது. வழக்கு நேர்ந்தால் தம் ஆசிரியரிடமோ அந்நகர ஆயரிடமோ நீதி கேட்கும் உரிமை இவர்களுக்கு உண்டு என்பதே அவ்வாணையின் சாரம். அயலூர் மாணவனைச் சுமையாகப் பாராமல், காக்க வேண்டியவனாகச் சட்டம் கண்ட தொடக்கம் இது.

காப்பு கிடைத்தது, கஞ்சிக்கு என் செய்வது? 1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், பெற்றோரின் பொருளுதவி பெற இயலாத ஏழைகள் கல்வியை இழந்துவிடக்கூடாது எனக் கருதி, ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியருக்கு மானியம் ஒதுக்கி ஏழை மாணவருக்கு இலவசமாகக் கற்பிக்க வேண்டுமெனப் பணித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1180-இல், நடந்த நிகழ்ச்சி நம் நெஞ்சை விட்டு அகலாதது.

இலண்டன் நகரத்தவரான ஜோசியுஸ் என்பவர் எருசலேம் திருப்பயணத்தை முடித்துப் பாரிஸ் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். அங்கே பேராலயத்தை அடுத்திருந்த மருத்துவ இல்லத்தில், பிணியாளரோடு பிணியாளராக ஏழை மாணவர்கள் ஓர் அறையில் தங்கியிருப்பதைக் கண்டார். மனம் இளகிய அவர் 52 பவுண்டு பணம் தந்து அவ்வறையை விலைக்கு வாங்கி, பதினெட்டு மாணவருக்கென என்றைக்குமாக எழுதிவைத்தார். மருத்துவ இல்லம் அவர்களுக்குப் படுக்கை தர வேண்டும். உண்டியலில் சேரும் காணிக்கையிலிருந்து மாதந்தோறும் பன்னிரண்டு காசு தர வேண்டும். அதற்கு ஈடாக, இல்லத்தில் இறப்பவரின் உடலுக்கு முன்னே மாணவர்கள் முறைவைத்துச் சிலுவையும் தீர்த்தமும் ஏந்திச் செல்ல வேண்டும். இரவுதோறும் மனத்துயர்த் திருப்பாடல்கள் ஏழையும் சொல்ல வேண்டும். 'பதினெட்டுப் பேர் கல்லூரி' என்றே அதற்குப் பெயராயிற்று. பாரிஸ் மாநகரில் மாணவருக்கென எழுந்த முதற் கல்லூரி இதுவே.

மாதாமாதம் பன்னிரண்டு காசு! முடக்கக் கணக்கிலிருந்து மாதந்தோறும் பணம் விடுவிக்கப்படும் இன்றைய முறையை அறிந்தபோது, எண்ணூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்தக் காசுதான் நம் நினைவில் எழுந்தது. முறை ஒன்றே. ஆனால் அன்று அப்பேழையை நிரப்பியது மாணவனின் வீடன்று. அவன் முகத்தையும் அறியாத யார் யாரோ போட்ட காணிக்கை.

மூன்று சாவியும் ஒரு பேழையும்

ஆக்ஸ்போர்டு நகரின் வரலாறு இன்னும் வியப்பூட்டுவது. 1209-இல் அங்கே மாணவன் ஒருவன் கையால் ஊர்ப்பெண் ஒருத்தி இறந்தாள். அவன் ஓடிவிட்டான். சினங்கொண்ட ஊரார், அவனோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்களைப் பிடித்துத் தூக்கிலிட்டனர். அஞ்சிய ஆசிரியரும் மாணவரும் நகரைவிட்டு வெளியேறினர். அவர்களுள் ஒரு சாரார் சேர்ந்த இடமே கேம்பிரிட்ஜ். ஐந்தாண்டு கழித்து, 1214-இல், திருத்தந்தையின் தூதராக வந்த கர்தினால் நிக்கோலாஸ் ஊராருக்குக் கழுவாய் விதித்தார். மாணவர் தங்கும் வீடுகளின் வாடகையைப் பத்தாண்டுக்குப் பாதியாகக் குறைக்க வேண்டும். ஏழை மாணவருக்கென ஆண்டுதோறும் 52 ஷில்லிங் தர வேண்டும். புனித நிக்கோலாஸ் திருநாளில் நூறு ஏழை மாணவருக்கு அப்பமும் பானமும் கூழும் ஒரு மீன் அல்லது இறைச்சி உணவும் வழங்க வேண்டும்.

அந்த 52 ஷில்லிங்கைச் சிந்தித்து முதலாக்கியவர் லிங்கன் மறைமாவட்ட ஆயர் இராபர்ட் குரோஸ்டெஸ்ட். 1240-இல் அவர் வகுத்த ஒழுங்கின்படி, அப்பணம் புனித பிரைட்ஸ்வைடு துறவு இல்லத்தில் ஒரு பேழையில் வைக்கப்பட்டது. தேவைப்படும் ஏழை மாணவர், கடன் தொகையைவிட மதிப்பு மிகுந்த ஒரு பொருளை அடகு வைத்து அதிலிருந்து பணம் பெறலாம். வட்டி கிடையாது. அவர்கள் வைத்த அடகு பெரும்பாலும் கையெழுத்துப் பிரதியான நூல்களே. இன்றும் நூலகங்களில் காக்கப்படும் பல பழஞ்சுவடிகளின் ஓரத்தாளில், அவை எப்போது அடகுக்கு வந்தன, எப்போது மீட்கப்பட்டன என்ற குறிப்புகள் காணப்படுகின்றன. வாரிக் சீமாட்டி ஏலா 1293-இல் 120 மார்க் பணம் தந்து மற்றொரு பேழை நிறுவினார். இவ்வாறு பேழைகள் பெருகின. ஒருவர் தனியாகத் திறக்க இயலாதபடி ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகளும், ஒவ்வொன்றையும் காக்கப் பொறுப்பாளரும் இருப்பது வழக்கமாயிற்று. கடன் பெறுவோர் பேழையை நிறுவியவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்க வேண்டும் என்ற விதியும் அவற்றுட் பலவற்றில் இருந்தது. வட்டிக்குப் பதிலாகச் செபம்!

பூட்டிய பேழை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்றைய பூட்டு, ஏழை மாணவனுக்குரிய பணத்தைப் பிறர் எடுக்காதிருக்க இடப்பட்டது. இன்றைய பூட்டு, அவன் பணத்தை அவனே எடுக்காதிருக்க இடப்பட்டது.

ஊரின் விளைச்சலில் ஒரு மாணவன்

பங்குப் பணியில் இருப்போர் தனிக் கவனத்தோடு எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. திருத்தந்தை மூன்றாம் ஹொனோரியுஸ் 1219-இல், இறையியல் பயிலச் செல்லும் குருக்கள் தம் பதவிக்குரிய மானிய வருவாயை ஐந்தாண்டு வரை வெளியிலிருந்தே பெற்றுக்கொள்ளலாம் என்று இசைவளித்தார். திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் 1298-இல் வெளியிட்ட மற்றொரு சட்டம், பங்குப் பொறுப்பாளர் ஏழாண்டு வரை பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்க ஆயர் அனுமதி தரலாம் என்றது. அவர் இல்லாத காலத்தில் மக்களின் ஆன்ம நலனைப் பேணத் தகுதியான துணைக்குரு ஒருவர் அமர்த்தப்பட்டு, அவர் பிழைப்புக்கும் பங்கு வருவாயிலிருந்தே போதுமானது ஒதுக்கப்பட வேண்டும்.

இதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் ஒருவர் மெழுகுவர்த்தி ஒளியில் இறையியல் பயின்றபோது, அவர் உண்ட அப்பம் ஏதோ ஒரு சிற்றூரின் உழவர் அறுத்த கதிரில் பத்திலொரு பங்கு. அவ்வுழவருக்கு எழுத்தறிவு இல்லை. தம் பங்கின் பொறுப்பாளர் எந்த நூலைப் படிக்கிறார் என்பதும் தெரியாது. ஆயினும் ஒரு ஊரே ஒரு மாணவனைச் சுமந்தது.

அக்காலத்தைப் பொற்காலமாகத் தீட்டிக் காட்டுவது நம் நோக்கமன்று. படிக்கச் சென்றவர் எல்லாரும் படித்தாரல்லர். திரும்பி வருவதாகச் சென்று வாராதவரும் இருந்தனர். பெண்களுக்கு அப்பல்கலைக்கழகங்களின் வாயில் அடைத்தே இருந்தது. ஏழைக்கென எழுந்த கல்லூரிகள் சில, காலப்போக்கில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் இருப்பிடமாயின. பேழையின் பயன் கிட்டாத மாணவர் பலர் வழிநெடுகப் பிச்சை எடுத்தே பயின்றனர். 1388-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சட்டமொன்று, பிச்சை எடுத்துச் செல்லும் பல்கலைக்கழக மாணவர் தம் வேந்தரிடமிருந்து சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்றது. அன்று வழிநடந்த மாணவன் மடியில் இருந்தது, தான் உண்மையாகவே மாணவன், உதவி பெறத் தக்கவன் என்று காட்டும் ஏடு. இன்று விமானம் ஏறும் மாணவன் பையில் இருப்பது, தனக்கு எவர் உதவியும் தேவையில்லை என்று காட்டும் ஏடு. இடைப்பட்ட ஆறு நூற்றாண்டுகளில் மாறியது என்ன?

அச்சத்தின் வரலாறு

மாறியதை அறிய, கல்வியின் வரலாற்றை விட்டு ஏழைச் சட்டங்களின் வரலாற்றுக்குச் செல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1662-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குடியமர்வுச் சட்டத்தின்படி, ஏழைகளைப் பேணுவது அந்தந்தப் பங்கின் கடமை. ஆண்டுக்குப் பத்துப் பவுண்டுக்குக் குறைந்த வாடகை வீட்டில் புதிதாகக் குடியேறுபவர் தமக்குச் சுமையாகக்கூடும் என்று அப்பங்கினர் கருதினால், 40 நாளுக்குள் முறையிட்டு அவரைச் சொந்தப் பங்குக்கே திருப்பி அனுப்பிவிடலாம். அவர் பிழை ஏதும் செய்திருக்க வேண்டியதில்லை. ஏழையாக இருந்தாலே போதும். 1697-இல் இதற்கு ஒரு தளர்வு வந்தது. வேலை தேடி வெளியூர் செல்பவருக்கு, அவர் நலிவுற்றால் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று சொந்தப் பங்கின் கோவில் காப்பாளரும் ஏழைகள் கண்காணிப்பாளரும் கையொப்பமிட்டுச் சான்றிதழ் தரலாம். அது இருந்தால் புதிய ஊர் அவரைத் துரத்தாது.

இந்த அச்சமே பின்னர் நாடுகளின் எல்லைக்கு வளர்ந்தது. பொதுமக்களுக்குச் சுமையாகக்கூடியவர் எனக் கருதப்படுவோரைத் துறைமுகத்திலேயே தடுத்துவிடும் சட்டத்தை அமெரிக்கா 1882-இல் இயற்றியது. இருபதாம் நூற்றாண்டில் கடவுச்சீட்டும் விசாவும் எங்கும் பரவியபோது, "வருபவரை யார் தாங்குவார்?" என்ற கேள்வி மாணவரையும் தொட்டது. விடையாக நாடுகள் பணத்தைக் கேட்டன. கனடா தன்னிடம் வரும் தனி மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகையை, கல்விக்கட்டணம் நீங்கலாக, நெடுநாள் 10,000 டாலராக வைத்திருந்தது. 2024 ஜனவரியில் அதை 20,635 டாலராக உயர்த்தியது. பிரிட்டனோ, பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்ததைக் காட்டச் சொல்கிறது.

ஆகவே முடக்கக் கணக்குக்கு இரு மூதாதையர் உண்டு. ஒன்று, பாரிசிலும் ஆக்ஸ்போர்டிலும் ஏழைக்காக நிரப்பப்பட்ட பேழை. அது இரக்கத்தின் பிள்ளை. மற்றொன்று, 1662-இன் குடியமர்வுச் சட்டம். அது அச்சத்தின் பிள்ளை. அச்சம் முற்றிலும் தவறென்று சொல்ல மாட்டோம். தன் குடிகளின் வரிப்பணத்தைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. ஆனால் அச்சம் மட்டும் எஞ்சி இரக்கம் மறைந்துவிட்டால், அச்சட்டத்தின் முழுப் பாரமும் வந்து விழுவது ஒரு தனி வீட்டின் மேல், ஒரு கொத்தனாரின் தோள்மேல்.

பாரம் தாங்காத இடத்தில் பொய் நுழையும். கணக்கில் காட்டுவதற்கென்றே சில வாரங்களுக்குப் பணத்தை வட்டிக்கு விடுபவர் நம் நாட்டில் இருப்பது வாசகர் அறியாததன்று. பணம் நிற்கும்; சான்றிதழ் கிடைக்கும்; பணம் போய்விடும். பிள்ளை அயல்நாட்டில் இறங்கும்போது கையில் இருப்பது வெறும் தாள். வீட்டில் இருப்பது வட்டிக் கணக்கு. தந்தை கேட்ட 'காட்டுறதுக்கா' என்ற சொல்லுக்குப் பின்னே இந்த ஆபத்தும் ஒளிந்திருந்தது. ஜெர்மனியின் முடக்கக் கணக்கு இந்தப் பொய்யை ஓரளவு தடுக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். அங்கே பணம் மெய்யாகவே இருக்க வேண்டும். மெய்யாகவே மாணவர் வாழ்வுக்குச் செலவாகும்.

அதே ஜெர்மனியில் மற்றொரு கதவும் உண்டு. அந்நாட்டில் வாழும் ஒருவர், இம்மாணவரின் செலவை நான் ஏற்கிறேன் என்று அதிகாரிமுன் எழுத்தில் உறுதியளித்தால், அல்லது தக்க கல்வி உதவித்தொகை கிடைத்தால், முடக்கக் கணக்கு தேவையில்லை. இரண்டாம் உலகப்போரின் அழிவிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஜெர்மனியின் கத்தோலிக்கர், அயல்நாட்டு மாணவருக்கென 1958-இல் ஒரு கல்வி உதவி அமைப்பைத் தொடங்கினர். பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அவ்வமைப்பு, ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா முதலிய பகுதிகளிலிருந்து உயர்கல்விக்கு வருவோரைத் தாங்கி, அவர்கள் தாயகம் திரும்பிப் பணியாற்ற வேண்டுமென எதிர்பார்க்கிறது. ஜோசியுஸ் வாங்கிய அறை பாரிசில் இன்று இல்லை. அவர் மனம் இன்னும் எங்கோ உயிரோடிருக்கிறது.

நாம் சொன்ன விடை

இப்போது அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். தந்தையின் கேள்விக்குப் பின் மற்றொரு கேள்வியும் வந்தது. "மணிக்கூண்டு நிதியிலிருந்து கோவில் கடனாகத் தருமா சாமி? எழுதிக் கொடுத்துவிடுகிறேன்." அந்நாளில் நம் பங்கின் மணிக்கூண்டுக்கென மக்கள் தந்த பணம் வங்கியில் இருந்தது. ஒரு நோக்கத்துக்காக விசுவாசிகள் தந்த காணிக்கையை அந்நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். பங்குப் பேரவையைக் கேட்டோம். அவர்களும் அதையே சொன்னார்கள். நாம் இயலாது என்றோம். தந்தை தலையசைத்தார், மகள் கடிதத்தை மடித்து உறையிலிட்டாள். இருவரும் தோத்திரம் சொல்லி விடைபெற்றனர்.

சட்டம் நம் பக்கம் இருந்தது. ஆயினும் அந்த இரவிலிருந்து நம் உள்ளம் நம்மைக் கேட்ட கேள்வி வேறு. மணிக்கூண்டுக்கென்று நிதி திரட்டத் தெரிந்த நமக்கு, மாணவருக்கென்று ஒரு நிதி திரட்ட ஏன் தோன்றவில்லை? மணிக்கூண்டு நிதியைத் தொடாதது நம் பிழையன்று. தொடுவதற்கு வேறொரு நிதி இல்லாதிருந்ததே நம் பிழை. கோபுரத்தின் செலவை உட்கார்ந்து கணக்கிட்டோம். பிள்ளைகளின் செலவைக் கணக்கிட உட்காரவேயில்லை.

அவ்வாண்டு அவள் போகவில்லை. ஓசூரில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, மறு ஆண்டு மீண்டும் விண்ணப்பித்தாள். அதற்குள் தொகை 11,208 யூரோவாகியிருந்தது. ஓராண்டுச் சேமிப்பின் பெரும்பகுதியை அந்த உயர்வே விழுங்கிவிட்டது. வீட்டுப் பத்திரமும் தாயின் நகையும் இரு அத்தைமாரின் நகையும் அடகுக்குப் போயின. 2023-இன் இலையுதிர்காலத்தில் அவள் விமானம் ஏறினாள். அங்கே மாதந்தோறும் அவள் கணக்கில் 934 யூரோ விடுவிக்கப்பட்டது. இங்கே மாதந்தோறும் அவள் தந்தை அடகுக்கடைக்கு வட்டி கட்டினார். அந்த வட்டிக்காக அவர் ஏறிய சாரங்களுள் ஒன்று, நம் மணிக்கூண்டின் சாரம்.

அக்கூண்டின் மணி ஒலிக்கும்போதெல்லாம் இதை நினைக்கிறோம். நினைத்து வருந்துவதோடு நின்றுவிட்டால் அவ்வருத்தமும் ஒருவகைத் தற்புகழ்ச்சியே. ஆகவே 2024-ஆம் ஆண்டு தவக்காலத்தில் பங்குப் பேரவையில் குரோஸ்டெஸ்ட் ஆயரின் பேழையைப் பற்றிப் பேசினோம். முதலில் சிலர் சிரித்தனர். எழுந்து பேசியவர் அன்பியத் தலைவி ஒருவர், மீன் விற்பவர்: "சீட்டுப் போடுறோம், திருவிழா எடுக்குறோம், இதை மட்டும் முடியாதா சாமி?" அன்பியத்துக்கொன்றாகச் சிறு உண்டியல்கள் வைக்கப்பட்டன. சேரும் பணம் படிப்பு நிதி என்ற தனிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. பங்குத்தந்தை, பேரவையின் துணைத்தலைவர், அன்பியங்களின் பொறுப்பாளரான ஒரு பெண்மணி ஆகிய மூவர் கையொப்பம் இன்றிப் பணம் எடுக்க இயலாது. வட்டி இல்லை. பெறுபவர் வேலைக்குச் சென்றபின் திருப்பித் தர வேண்டும். அதுவரை, காணிக்கை போட்ட முகமறியாதவர்களுக்காக நாள்தோறும் ஒரு செபம் சொல்ல வேண்டும்.

நிதி இன்னும் ஒருவரை முழுவதுமாக அனுப்பும் அளவுக்கு நிரம்பவில்லை. முதற் கடனாக, ஒரு மாணவனுக்குக் குறைந்த தொகையை மட்டும் ஈடுசெய்ய முடிந்தது. அவன் வீட்டுப் பத்திரம் வீட்டிலேயே இருக்கிறது. இது சிறியதுதான். ஆனால் 52 ஷில்லிங்கும் சிறியதுதான்.

இப்போது அந்தத் தந்தைக்கு நம்மால் விடை சொல்ல முடியும். அப்பணம் செலவழிக்கவும்தான், காட்டவும்தான். ஆனால் காட்ட வேண்டியது பணத்தை மட்டுமன்று. எல்லையில் நிற்கும் அதிகாரி எந்த மொழியில் கேட்டாலும் அவர் கேட்பது ஒன்றே: "இந்தப் பிள்ளைக்குப் பின்னால் யார் இருக்கிறார்?" 1697-இல் இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளிக்காக, "நாங்கள் இருக்கிறோம்" என்று அவன் பங்கு கையொப்பமிட்டது. அவனுக்கு அது சட்டத்தால் வந்தது. நமக்கு அது திருமுழுக்கால் வந்த கடமை.

வாசகரே, உம் பங்கிலும் இந்த ஆண்டு ஒரு கடிதம் வரும். அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தந்தை ஏதோ ஒரு திண்ணையில் காத்திருப்பார். அவர் வருமுன்னே உம் பங்கின் பேழை திறந்து, அதில் முதற் காசு விழட்டும்.